பிப்பின் பூட்ஸ், கங்காவின் வீடு: நாவலில் ஒருவர் மாறுவது எப்படி?

நாவல்களைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் இப்போது 'கேரக்டர் டெவலப்மென்ட்' என்ற சொற்றொடர் தாராளமாகப் புழங்குகிறது. முதல் அத்தியாயத்தில் கோழையாக இருந்தவன் கடைசி அத்தியாயத்தில் துணிந்தவனாகிவிட்டால் 'டெவலப்மென்ட் இருக்கிறது' என்கிறார்கள். அப்படி ஆகவில்லையென்றால் பாத்திரப் படைப்பு பலவீனம் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார்கள். எது அவனை மாற்றியது என்று கேட்டால் ஒரு மரணம், ஒரு துரோகம், ஒரு காதல் என்று ஏதாவது ஒரு பெரிய சம்பவத்தைச் சுட்டுவார்கள். சம்பவங்கள் மனிதர்களை உலுக்குகின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல நாவல்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், அந்த உலுக்கலுக்குப் பிறகு நாயகர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைப் பெரும்பாலும் அவரைச் சுற்றியிருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது புலப்படும். அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதே இங்கே நாம் பார்க்கப்போவது.

தொடங்குமுன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கதை யாருடைய விருப்பங்களையும் முடிவுகளையும் பின்தொடர்ந்து செல்கிறதோ அவரே முதன்மைப் பாத்திரம். அவர் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். நல்லவராக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பாத்திர மாற்றம் என்பது, முன்பு ஒரு சூழலில் அவர் எடுத்திருக்கமாட்டாத முடிவை, அதைப் போன்ற இன்னொரு சூழலில் இப்போது எடுப்பது. மனம் மாறிவிட்டதாக அவர் பக்கம் பக்கமாக யோசிப்பதையோ, ஆசிரியர் குறுக்கே வந்து அப்படி அறிவிப்பதையோ மாற்றம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கைப்பக்குவம் மாறுவதைப் போல

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். போன முதல் மாதம் அவள் வைத்த குழம்பில் அவளுடைய அம்மாவின் கை இருந்திருக்கும். மாமியார் ஒரு நாள் 'புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டுமே' என்று சொல்லியிருப்பார். கணவன் ஒன்றும் சொல்லாமல் தட்டை ஓரமாகத் தள்ளியிருப்பான். மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருப்பார். யாரும் அவளை உட்காரவைத்துச் சமையல் கற்பிக்கவில்லை. பத்து வருடம் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கும்போது அவளுடைய அம்மா ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு 'உன் கை மாறிப்போச்சுடி' என்கிறாள். அதுவரை தன் கை மாறியிருப்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

நாவலில் உறவுகள் வேலை செய்யும் முறைக்கும் இதற்கும் மூன்று பொருத்தங்கள் உண்டு. மாற்றம் சிறு சிறு எதிர்வினைகளால் ஆனது. அது நடந்துகொண்டிருக்கும்போது உரியவருக்கே தெரிவதில்லை. அதன் அளவு தெரியவேண்டுமானால் பழைய உறவு ஒன்று அவர் எதிரே வந்து நின்றாக வேண்டும். இந்த மூன்றாவது விஷயம் நாவலாசிரியர்களுக்குக் கைகண்ட மருந்து. பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

சம்பவம் ஒன்றுதான், வாழ்க்கை இரண்டு

சம்பவமா, உறவா, எது மனிதரை மாற்றுகிறது என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு அபூர்வமான பதில் இருக்கிறது. ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை எழுதினார். மழை பெய்யும் ஒரு மாலையில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு கல்லூரி மாணவி, முன்பின் தெரியாத ஒருவனுடைய காரில் ஏறுகிறாள். அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விஷயம் தெரிந்ததும் அம்மா பதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு, மகளை உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிறாள். அந்தக் காரில் கிடைத்த சூயிங் கம்மை மகள் இன்னும் மென்றுகொண்டிருப்பதைக் கவனித்து, அதைத் துப்பச் சொல்கிறாள். இந்த இடத்தை நான் எப்போது படித்தாலும் வியப்பேன். அந்தப் பெண்ணின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு தாயின் அடுத்த பத்து நிமிட நடத்தையில் தொங்கிக்கொண்டிருக்கிறது; அவளோ ஒரு வீட்டுவேலையைப் போல அதைச் செய்து முடித்துவிடுகிறாள்.

கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்தத் தாய் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஜெயகாந்தன் எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குக் கிடைத்தது. நாவலின் நாயகி கங்காவுக்கு நேர்ந்ததும் அதே மழை, அதே கார். ஆனால் இங்கே அம்மா ஊரைக் கூட்டி அழுகிறாள். அண்ணன் அவளை வீட்டைவிட்டு விரட்டுகிறான். மாமா ஒருவர் ஆதரவு கொடுத்துப் படிக்கவைக்கிறார். அந்த ஆதரவுக்குள்ளேயே அவருடைய கெட்ட பார்வையும் இருக்கிறது. கங்கா நன்றாகப் படித்து நல்ல உத்தியோகத்துக்கு வருகிறாள். கெட்டுப்போனவள் என்ற பெயர் மட்டும் அவளை விடுவதில்லை. அதைச் சுமந்து சுமந்து அவள் இறுகிப்போகிறாள். யாரும் எளிதில் நெருங்க முடியாதவளாகிறாள்.

சம்பவம் இரண்டிலும் ஒன்றே. மாறியது தாயின் எதிர்வினை மட்டும். ஒரு தாய் 'இது நடந்தது, முடிந்தது' என்று மகளுக்கு ஒரு வழியைக் காட்டுகிறாள். இன்னொருத்தி 'நீ இதுதான்' என்று ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறாள். அறிவியல் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு துல்லியமாக ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பது சிரமம். நாவலுக்குள் ஒரு காட்சி வருகிறது: ஒரு பத்திரிகையில் வந்திருக்கும் அந்தச் சிறுகதையைக் கங்கா படிக்கிறாள், அதைத் தன் அம்மாவிடமும் படிக்கக் கொடுக்கிறாள். நீ இந்த அம்மாவைப் போல ஏன் இருக்கவில்லை என்ற கேள்வி அந்தப் பத்திரிகையின் உருவத்தில் தாயின் கைக்குப் போகிறது. தன்னை இப்படி ஆக்கியது எது என்று கங்கா தேடும்போது, அவள் காரில் வந்தவனிடம் மட்டும் நின்றுவிடுவதில்லை, அம்மாவிடமும் வந்து நிற்கிறாள்.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம்: சம்பவம் கேள்வியை எழுப்புகிறது, நெருங்கியவர்களின் எதிர்வினை அதற்கு ஒரு விடையைக் கொடுத்துவிடுகிறது, நாயகர் நெடுங்காலம் அந்த விடையோடு வாழவேண்டியிருக்கிறது.

பிறர் கண் உள்ளே குடியேறுவது

ஒருவருடைய எதிர்வினை இன்னொருவருக்குள் எப்படிப் போய்த் தங்குகிறது? இதைக் காலவரிசையில் படிப்படியாகக் காட்டுவதற்கு சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வார இதழில் தொடராக வந்தது. நாயகன் பிப், தாய் தகப்பன் இல்லாத சிறுவன். அடித்து வளர்க்கும் அக்காவின் வீட்டில், கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் அவளுடைய கணவன் ஜோவின் நிழலில் வளர்கிறான். ஜோவுக்கு எழுத்து வாசனை குறைவு, அன்பு அதிகம். பெரியவனானதும் ஜோவிடமே தொழில் பழகவேண்டும் என்பது ஏற்பாடு. அதில் பிப்புக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இந்த நிலையில் மிஸ் ஹாவிஷம் என்ற பணக்காரச் சீமாட்டியின் பாழடைந்த மாளிகைக்கு, அவளுடைய பொழுதுபோக்குக்காக, பிப்பை அனுப்புகிறார்கள். அங்கே எஸ்டெல்லா என்ற அழகிய சிறுமியோடு சீட்டாட வேண்டும். ஆட்டத்தின் நடுவே அவள் சொல்வது மூன்றே விஷயங்கள்: இந்தப் பையன் சீட்டுக்குத் தப்பான பெயர் சொல்கிறான், இவன் கைகள் எவ்வளவு முரடு, இவன் பூட்ஸ் எவ்வளவு தடி. அன்றுவரை பிப் தன் கைகளைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஆட்டம் முடிந்து வெளி முற்றத்தில் தனியாக நிற்கும்போது தன் கைகளையும் பூட்ஸையும் குனிந்து பார்க்கிறான். அவை கீழானவையாகத் தெரிகின்றன. வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அதே நினைப்புத்தான்.

இதையே உள்வாங்கிய பார்வை என்று குறிப்பிடலாம்: இன்னொருவர் நம்மைப் பார்த்த விதத்தால், அவர் அருகில் இல்லாதபோதும் நம்மை நாமே பார்த்துக்கொள்வது. எஸ்டெல்லா அவனுக்கு எதையும் போதிக்கவில்லை, அவனை மாற்ற வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. அவள் கண் மட்டும் அவனுக்குள் குடியேறிவிட்டது. அதன் பிறகு பிப் கொல்லுப்பட்டறையில் வேலை செய்யும் நாட்களில், கரி படிந்த முகத்தோடு தான் நிற்கும்போது ஜன்னல் வழியாக அவள் பார்த்துவிடுவாளோ என்று அஞ்சுகிறான். அவள் அங்கே வருவதே இல்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொல்லும்போது ஏன் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன என்பதையும் இதே நாவலில் பார்க்கலாம். முகம் தெரியாத ஒருவர் தரும் பணத்தால் பிப் கனவானாவதற்கு லண்டன் போகிறான். முதல் நாள் விருந்தில் அவனுக்குச் சாப்பாட்டு மேசை நாகரிகம் தெரியவில்லை. கத்தியை வாய்க்குள் விடுகிறான். அறைத்தோழன் ஹெர்பர்ட், தான் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு கதையின் நடுவே, பேச்சு வாக்கில், லண்டனில் கத்தியை வாய்க்குள் விடுவது வழக்கமில்லை, விபத்து ஏற்படலாமே என்ற பயம்தான் என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறான். எஸ்டெல்லா சுட்டியதும் நாகரிகக் குறைதான். ஹெர்பர்ட் சுட்டியதும் அதுவேதான். அவள் பேச்சு பிப்புக்குள் வெட்கமாகத் தங்கியது. இவன் பேச்சு நட்பாகத் தங்கியது. பின்னாளில் பிப் கண்டபடி பணத்தை இறைத்துக் கடனாளியாகிறான். அந்தக் காலத்திலேயே அவன் செய்யும் ஒரே நல்ல காரியம், ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு வியாபாரத்தில் பங்கு வாங்கிக் கொடுப்பது. ஒருவரிடம் கிடைத்த பார்வை எதுவோ, அதற்கேற்ற செயலே அவனிடமிருந்து வெளியே வருகிறது.

செலவு ஒருவர் கணக்கில், வரவு இன்னொருவர் கணக்கில்

தொடக்க வாசகர்கள் பலர் ஒவ்வொரு உறவையும் தனித்தனியாக எடைபோடுவார்கள்: இவர் நாயகனுக்கு நல்லது செய்தார், அவர் கெட்டது செய்தார் என்று பட்டியல் தயாராகிவிடும். நாவலில் உறவுகள் அப்படித் தனித்தனி அறைகளில் வசிப்பதில்லை. எஸ்டெல்லாவுக்குத் தகுந்தவனாக வேண்டும் என்று பிப் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்கான விலையை ஜோ கொடுக்கிறான். லண்டனுக்குப் புறப்படும் நாளில், வண்டி வரைக்கும் ஜோ கூட வந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எண்ணித் தான் தனியாகவே நடந்து போவதாக பிப் சொல்லிவிடுகிறான்.

ஜோ லண்டனுக்கு வந்து அவனைப் பார்க்கும் காட்சியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். வரப்போகிறான் என்று தெரிந்ததும், பணம் கொடுத்தால் இந்த வருகையைத் தடுக்க முடியும் என்றால் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒப்புக்கொள்கிறான். ஜோ கழுத்தை அறுக்கும் காலரோடு விருந்தாளி உடையில் வருகிறான். தொப்பியை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. கணப்பு மாடத்தின் ஒரு ஓரத்தில் வைக்கிறான், அது விழுகிறது. பாய்ந்து பிடித்து மறுபடி அங்கேயே வைக்கிறான், மறுபடி விழுகிறது. பேச்சு நடக்க நடக்க அந்தத் தொப்பியின் கூத்தும் நடந்துகொண்டேயிருக்கிறது. தோளில் தூக்கி வளர்த்தவன் பிப்பை 'சார்' என்று அழைக்கிறான். இடையிடையே தன்னை மறந்து பழையபடி செல்லப் பெயரும் வந்துவிடுகிறது. பிப்புக்கு எரிச்சல். ஜோவின் சங்கடத்துக்குக் காரணம் தான்தான், தான் இயல்பாக இருந்திருந்தால் அவனும் இயல்பாக இருந்திருப்பான் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. புறப்படும்போது ஜோ நிதானமாகச் சொல்கிறான்: இந்த உடையில் நான் தவறானவன், பட்டறையைவிட்டு வெளியே வந்தால் நான் தவறானவன், என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே வந்து ஜன்னல் வழியாகப் பார், இவ்வளவு குறை தெரியாது.

பிறந்த வீட்டு அடுப்படியில் நின்ற அந்தப் பெண்ணின் கதைதான் இது. பிப் எவ்வளவு தூரம் போய்விட்டான் என்பதை அவனுடைய புது நண்பர்கள் யாரும் காட்ட முடியாது. அவர்கள் அறிந்தது புதிய பிப்பை மட்டுமே. பழைய உறவு வாசற்படி ஏறி வரும்போதுதான் தூரம் அளக்கப்படுகிறது. அதற்கு ஜோ மாறாமல் இருந்தாக வேண்டும்.

இங்கே ஒரு கலைச்சொல் உதவும். இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வெளியான 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் தி நாவல்' நூலில், ஒரே குணத்தைச் சுற்றி அமைந்து கடைசிவரை அப்படியே இருப்பவர்களைத் தட்டைப் பாத்திரங்கள் என்றும், நாம் நம்பக்கூடிய விதத்தில் நம்மை வியக்கவைக்கக் கூடியவர்களை முழுமைப் பாத்திரங்கள் என்றும் பிரித்தார். தட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அது ஒரு வசை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஜோ ஏறக்குறையத் தட்டைதான். அவன் அசையாமல் நிற்பதால்தான் பிப் நகர்ந்தது நமக்குத் தெரிகிறது. டிக்கன்ஸின் மாந்தர்கள் அநேகமாக எல்லாருமே தட்டை என்றும், பிப் முழுமையை எட்ட முயன்றாலும் திடப்பொருளாகாமல் குமிழியைப் போல இருக்கிறான் என்றும் ஃபார்ஸ்டர் அதே நூலில் எழுதினார். அந்தத் தொப்பிக் காட்சியைப் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம், நான் ஒப்புக்கொள்வதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், ஓர் உறவின் பார்வை நாயகருக்குள் ஆசையையோ வெட்கத்தையோ விதைக்கிறது. அதற்காக அவர் ஒரு செயலைச் செய்கிறார். அந்தச் செயலின் விலை இன்னொரு உறவின் தலையில் விழுகிறது. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் எந்த நாவலையும் ஓரளவு திறந்து பார்த்துவிடலாம்.

ஓர் உறவு இன்னொன்றைத் திருத்துதல்

விலை கொடுக்கப்பட்ட உறவு அதோடு ஒழிந்துபோவதில்லை. நாவலின் தொடக்கத்தில், ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில், சதுப்பு நிலத்தில் ஒளிந்திருக்கும் தப்பியோடிய கைதி ஒருவன் பிப்பை மிரட்டி உணவும் அரமும் கொண்டுவரச் செய்கிறான். அந்தக் கைதிதான் மாக்விட்ச். நாடு கடத்தப்பட்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உழைத்துச் சேர்த்த பணத்தையெல்லாம் பிப்பைக் கனவானாக்குவதற்கு ரகசியமாக அனுப்பிக்கொண்டிருந்தவன் அவனே. பிப்போ அந்தப் பணம் மிஸ் ஹாவிஷம் கொடுப்பது, எஸ்டெல்லாவைத் தனக்கு மணமுடிப்பதற்காகக் கொடுப்பது என்று வருடக்கணக்கில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். பிப்புக்கு 23 வயதாகியிருக்கும் ஒரு புயல் இரவில் மாக்விட்ச் படியேறி வந்து உண்மையைச் சொல்கிறான். திரும்பி வந்தது தெரிந்தால் அவனுக்கு மரண தண்டனை.

பிப்பின் முதல் உணர்ச்சி அருவருப்பு. நன்றியாவது, இரக்கமாவது. தன்னை ஆக்கியவன் ஒரு கைதி என்பதை அவனால் தாங்க முடியவில்லை. ஆனால் ஒளித்துவைத்துக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவன்மேல் விழுகிறது. மாதக்கணக்கில் அந்த ஆளுடைய உயிருக்காகத் திட்டமிடுகிறான், படகு வலிக்கிறான், காத்திருக்கிறான். தப்பிக்கும் முயற்சி தோற்று, காயம்பட்ட மாக்விட்ச் விலங்கோடு படகில் கிடக்கும்போது பிப் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். அருவருப்பு கரைந்துபோயிருக்கிறது. அப்போது அவனுக்குத் தோன்றுவது, தான் ஜோவிடம் நடந்துகொண்டதைவிட இந்த மனிதன் தன்னிடம் எவ்வளவோ மேலாக நடந்துகொண்டான் என்பது.

என் கணக்கில் இந்த நாவலின் நடுத்தூண் இந்த ஓர் எண்ணம். மாக்விட்சின் அருகில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஜோ ஏன் நினைவுக்கு வரவேண்டும்? எஸ்டெல்லாவின் கண்ணால் ஜோவைப் பார்த்துப் பழகியவனுக்கு இப்போது வேறொரு கண் கிடைத்திருக்கிறது என்பதே காரணம். தன்னிடமிருந்து எதையும் திருப்பிக் கேட்காமல் கொடுத்த ஒருவனை அருகிலிருந்து பார்த்துவிட்டான். அப்படிக் கொடுத்த இன்னொருவன் இருந்தான் என்பது தானாக எழுந்து வருகிறது. யாரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. அறிவுரை சொல்லக்கூடிய ஒரே ஆள், கிராமத்துத் தோழி பிட்டி. அவள் முன்பே எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள், எதுவும் ஏறவில்லை. மனிதர்கள் புத்திமதியால் திருந்தும் நாவல்கள் நமக்குச் சலிப்பூட்டுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே சொல் மட்டுமே இருக்கிறது, உடம்பால் செய்த பணி எதுவும் இல்லை.

காலம் எப்படிக் காட்டப்படுகிறது

பல வருட மாற்றத்தைச் சில நூறு பக்கங்களில் காட்ட வேண்டிய ஆசிரியர் என்ன செய்வார்? ஒரே மாதிரியான காட்சியை இரண்டு முறை வைப்பார். இதற்கு இணைக்காட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். சதுப்பு நிலத்தில் பசியோடு நாயைப் போல விழுங்கும் மாக்விட்சைச் சிறுவன் பிப் பார்க்கிறான். பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாலும், நீங்கள் விரும்பிச் சாப்பிடுவது எனக்குச் சந்தோஷம் என்று மரியாதையாகச் சொல்கிறான். வருடங்கள் கழித்து லண்டன் அறையில் அதே மனிதன் அதே வேகத்தில் சாப்பிடுகிறான். பிப்புக்கு அதே நாயின் நினைவு வருகிறது, இந்த முறை குமட்டலோடு. சாப்பிடுகிறவன் மாறவில்லை. நடுவிலிருக்கும் எஸ்டெல்லா, லண்டன், கடன், நாகரிகம் எல்லாம் சேர்ந்து பார்க்கிறவனை என்ன செய்திருக்கின்றன என்பது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், இந்த இரண்டு காட்சிகளுக்கும் உள்ள இடைவெளியில் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு உத்தி பின்னோக்கிய கதைசொல்லல்: எல்லாம் நடந்து முடிந்தபின், வயதான நாயகரே தன் இளமையைச் சொல்வது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பிப்கள் இருக்கிறார்கள், செய்கிறவன் ஒருவன், அதை நினைத்துக் கூசுகிறவன் இன்னொருவன். ஜோவின் வருகையைக் காசு கொடுத்துத் தடுத்திருப்பேன் என்று எழுதுவது அந்த இரண்டாமவன். இளைஞன் மாறுவானா என்ற சந்தேகம் நமக்கு வருவதில்லை. எந்த வழியாக இந்த ஆளாக மாறினான் என்ற ஆவல்தான் கதையை நகர்த்துகிறது.

மாறுவது என்றால் நல்லவராவதா?

நாயகர் மாறினார் என்றால் மேம்பட்டார் என்று எடுத்துக்கொள்வது இந்த விஷயத்தில் மிகப் பரவலான பிழை. கங்காவிடம் திரும்புவோம். உன்னைக் கெடுத்தவனைக் கண்டுபிடிக்க முடியுமானால் கண்டுபிடி என்ற மாமாவின் சவால் அவளைக் கிளப்புகிறது. அவள் பிரபுவைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். வழக்கமான கதையாக இருந்தால் இங்கே பழிவாங்கலோ கல்யாணமோ நடக்க வேண்டும். ஜெயகாந்தன் எழுதியது, பெயர் வைக்க முடியாத ஒரு சிநேகம். பிரபு பணக்கார வீட்டின் உருப்படாத பிள்ளை, குடிகாரன், இப்போது குடும்பஸ்தன். இறுகிப்போயிருந்த கங்கா அவனுடைய நட்பில் தளர்கிறாள், சிரிக்கிறாள், அவனுடைய மகளிடம் அக்கறை கொள்கிறாள். தன்னை யார் கெடுத்தானோ அவன் மட்டுமே தன்னைக் கெட்டவளாகப் பார்க்கவில்லை என்ற விசித்திரமான நிலை. பிறகு, அவளுடைய நன்மைக்கென்று நினைத்துக்கொண்டு, வேறொருவரை மணந்துகொள்ளச் சொல்லி அவன் விலகிப்போகிறான். அவனிடமிருந்த குடி கடைசியில் அவளிடம் வந்து சேர்கிறது.

இதை வீழ்ச்சி என்று சொல்லலாமா? முதல் பக்கத்துக் கங்காவைவிடக் கடைசிப் பக்கத்துக் கங்கா அதிகம் உணரத் தெரிந்தவள்; அதே சமயம் அதிகம் சிதைந்தவள். இரண்டும் ஒரே உறவு கொடுத்தவை. உறவு ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்துவது நாவலில் சர்வ சாதாரணம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் நாயகன் பாபுவின் இசைக்கு அவனுடைய குரு ரங்கண்ணாவும், அவனுடைய மோகத்துக்கு யமுனாவும் காரணம் என்று பிரித்துப் பேசுவது எளிது. படித்துக்கொண்டே போனால் ஒன்றின் நரம்பு இன்னொன்றுக்குள் ஓடுவது தெரியும். பாபு இசையை விட்டுத் தள்ளி நிற்கும் காலத்தில் அவனை அதன் பக்கம் தள்ளுகிறவர்களில் யமுனாவும் ஒருத்தி.

காதலுக்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்

கடைசியாக ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாயகனை மாற்றிய உறவு எது என்ற கேள்விக்கு நம் கை நேராகக் காதலியைத்தான் காட்டும். சினிமா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. பிப் விஷயத்தில் எஸ்டெல்லா அவனுடைய ஆசையைத் தொடங்கிவைத்தாள், அதோடு சரி. அவனைச் செதுக்கியவர்கள் ஒரு கொல்லன், ஒரு கைதி, ஓர் அறைத்தோழன்.

இதைச் சோதித்துப் பார்க்க டிக்கன்ஸே ஒரு வாய்ப்பைக் கொடுத்திருக்கிறார். நாவலுக்கு அவர் முதலில் எழுதிய முடிவில், பிப்பும் எஸ்டெல்லாவும் வருடங்கள் கழித்து லண்டன் தெருவில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அவள் ஒரு டாக்டரை மறுமணம் செய்துகொண்டிருக்கிறாள். பிப் கையைப் பிடித்து வரும் சிறுவன் ஜோவுக்கும் பிட்டிக்கும் பிறந்தவன். அவனை பிப்பின் மகன் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். சில வார்த்தைகள் பேசிவிட்டுப் பிரிந்துவிடுகிறார்கள். எழுத்தாளர் புல்வர் லிட்டன் யோசனை சொன்னதன்பேரில் டிக்கன்ஸ் இதை மாற்றினார். அச்சான முடிவில் இருவரும் மாளிகை இருந்த இடத்தில் சந்தித்து, இனிப் பிரிவு இல்லை என்று பிப்புக்குத் தோன்றும்படியாகச் சேர்ந்து வெளியேறுகிறார்கள். எது சரியான முடிவு என்று விமர்சகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். எஸ்டெல்லாவின் கதி மாறுகிறது, கதையின் சுவை மாறுகிறது, பிப் மாறுவதில்லை. மாக்விட்சின் மரணப் படுக்கையருகில் இருந்துவிட்டு, காய்ச்சலில் கிடந்தபோது ஜோவின் கையால் கஞ்சி குடித்துத் தேறி, தன் கடனை ஜோ கட்டிவிட்டுச் சொல்லாமல் ஊருக்குப் போனதையும் பார்த்துவிட்டவன், அந்த இரண்டு முடிவுகளில் எதற்குள் நுழைந்தாலும் அதே ஆளாகத்தான் நுழைகிறான்.